கரிக்காத தண்ணீர்

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து வலையெல்லாம் கடலோடு போய்விட்டது என்று தம்பி சிவசங்கர் வந்து அழுதபோது, ஆர்த்தியும் சேர்ந்து அழுதாள். வலை அவள் புருஷனுடையது. கெஞ்சிக் கூத்தாடி அதை இரவல் வாங்கித் தந்ததே அவள்தான். ஆனாலும் தம்பி உயிரோடு வந்ததே போதும் என்று சோறு போட்டாள்.

"இதுவும் என்னோட கடல்ல முழுகிட்சிக்கா" என்று ஈரம் சொட்டும் பழைய எம்பி3 பிளேயரை அவளுடைய ரிப்பேர் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பிரித்தாள். உள்ளே ஈரம் இருந்தது. ஆனால் போர்டில் உப்புப் பூக்கவில்லை, பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை. கடலில் விழுந்த போன்களை அவள் கொஞ்சமாகவா பார்த்திருக்கிறாள்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரிக்கவே இல்லை. கெட்டிருந்தது கெபாசிட்டர் மட்டும்தான். அதுவும் வயசாகித் தலை உப்பியிருந்தது.

குடிதண்ணீரில் முக்கிக் கொண்டுவந்திருக்கிறான். அக்காவை ஏமாற்றத் துணிந்தவனுக்குப் பாட்டுப் பெட்டியை உப்பில் போட மனசு வரவில்லை!

புதுக் கெபாசிட்டரை வைத்துப் பற்றவைத்தாள்.

சாயங்காலம் வந்தவனுக்குப் பாட்டைக் கேட்டதும் வாயெல்லாம் பல். "இன்னாக்கா, கடல் தண்ணி பூந்தும் பொழச்சிகிச்சே!"

அவன் கை நீட்டினான். அவள் பிளேயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குடிக்கிற தண்ணிலதானடா முக்கின? என் புருஷன் வலைய எவன்கிட்ட வித்தன்னு சொல்லிட்டு, இத்த எடுத்துகினு போ."