எல்லைக் கட்டை

தென்னங்குருத்துக்குள் விட்ட கொக்கிக் கம்பியைச் செவந்தி திருகி இழுத்தபோது, கருப்பு வண்டு ஒன்று காலை உதறிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் பருமன், தலையில் கொம்பு. தரையில் போட்டுச் செருப்பால் நசுக்கினாள். காலையிலிருந்து இது ஆறாவது.

கஜா புயல் அறுபது தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வைத்த பிள்ளைகள் இவை. நாற்பது வைத்தார்கள். ஐந்து வருசம் தண்ணீர் சுமந்து, ஆடு கடிக்காமல் முள் கட்டி, பாளை விடுகிற நேரத்தில் வண்டு விழுந்தது. பதினான்கு பிள்ளைகளில் குருத்து அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. மிச்சம் இருபத்தாறு. அதையாவது காப்பாற்றியாக வேண்டும். புருசன் தமிழ்செல்வன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். மரம் காய்த்தால் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனான்.

வேப்பம்புண்ணாக்கையும் மணலையும் கலந்து மட்டை இடுக்கில் வைத்துப் பார்த்தாள். அந்துருண்டை வைத்துப் பார்த்தாள். வண்டை இழுக்கிற வாசனை மருந்து வாங்கி வாளியில் தொங்கவிட்டாள். பக்கத்துக் கொல்லையிலிருந்து தமிழ்செல்வனின் அண்ணன் உதயசூரியன் சத்தம் போட்டார்.

"ஊரு வண்டையெல்லாம் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறியா? வர்றது எங்க மரத்துலயும்ல உக்காந்துட்டு வருது."

அறந்தாங்கி ஆபீஸிலிருந்து அருணா மேடம் வந்தது அதற்கு மறுவாரம். தோட்டக்கலை அதிகாரி. சின்னப் பெண்தான். மரங்களை இரண்டு நிமிடம் பார்த்தவர், நேராக இரண்டு கொல்லைக்கும் நடுவில் கிடந்த கட்டைக் குவியலுக்குப் போனார்.

"கடப்பாரை இருக்காக்கா?"

ஒரு போடு போட்டதும் கட்டை புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருண்டு கிடந்தது. ஒரு கட்டையில் மட்டும் நாற்பது எண்ணிவிட்டு அருணா நிறுத்திவிட்டார்.

"நீங்க மேல ஒண்ணு ஒண்ணா குத்தி எடுக்குறீங்க. இங்க ஆயிரம் வளருது. மொத்தத்தையும் பிரிச்சுக் கொளுத்தணும். பாதி கொளுத்தி பாதி விட்டா ஒரு புரோஜனமும் இல்ல."

கொளுத்துவதற்குத் தீப்பெட்டி இருந்தது. கட்டைதான் அவளுடையது மட்டும் இல்லை.

புயலடித்த அதே வருசம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். பழைய எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் தென்னங்கட்டை கிடந்த காலம் அது. கடைசியில், விழுந்த மரங்களையே இழுத்து நடுவில் வரிசையாக அடுக்கி, இதுதான் எல்லை என்று முடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு கட்டையை அசைத்தால்கூட வெட்டுக்குத்து என்று ஆகிவிட்டது. உள்ளே என்ன வளர்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

போனில் தமிழ்செல்வன் ஒரே பேச்சாகச் சொன்னான்.

"நான் வர்ற வரைக்கும் ஒரு கட்டையயும் தொடாத. எடுத்தா மறுநாளே அவன் உழுதுட்டு வந்துருவான்."

"எப்ப வருவீங்க?"

"தைக்குக் கேட்டிருக்கேன்."

"இப்ப ஆடிங்க. தையில நீங்க வந்து எதைப் பாக்கப் போறீங்க?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மூன்று நாளில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் குருத்து சாய்ந்தது. செவந்தி உதயசூரியன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனைவி பரிமளா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன செவந்தி, வழி தெரிஞ்சு வந்துட்ட?"

"மாமாவப் பாக்கணும்க்கா."

உதயசூரியன் முழுக்கக் கேட்டார். அவருக்கும் மரம் போயிருந்தது, பத்துப் பன்னிரண்டு. ஆனாலும் அவசரப்படவில்லை.

"கொளுத்தலாம். கொளுத்திட்டா எல்லை எதுங்கிறது? ஒங்க பக்கம் கட்டைய ஒட்டி ஒரு வரிசை நிக்கிதுல்ல, ஏழு பிள்ளை. அது எங்க இடம். அன்னைக்கே சொன்னேன், தம்பி கேக்கல. அதுக்கு அங்கிட்டு நான் கல்லு ஊனிக்கிறேன், சரின்னு சொல்லு, நாளைக்கே ஜேசிபி வருது."

"அந்த ஏழும் நல்லா நிக்கிற பிள்ளைக மாமா."

"அதனாலதான் கேக்குறேன். பட்டுப்போனத வாங்கி நான் என்ன செய்ய?"

பரிமளா சிரித்தாள். மீன் செதில் அவள் மூக்கில் ஒட்டியிருந்தது. செவந்தி கணக்குப் போட்டாள். இருபத்து நாலில் ஏழு போனால் பதினேழு. தைக்குக் காத்திருந்தால் ஒன்றுமே மிஞ்சாது.

"ஊனிக்கங்க" என்றாள்.

ஜேசிபி கட்டையைப் புரட்டப் புரட்டப் புழு கொட்டியது. கோழிகள் முதலில் அடித்துக்கொண்டு தின்றன, பிறகு தின்ன மாட்டாமல் நின்றன. காக்கையும் கொக்கும் வந்து இறங்கின. ஈரக் கட்டை எரியவில்லை. டீசல் ஊற்றியும் ஐந்து நாள் புகைந்துகொண்டே கிடந்தது. அந்தப் புகை அடங்குவதற்கு முன்பே உதயசூரியன் கல் ஊன்றி மூன்று வரிசை முள்கம்பி இழுத்துவிட்டார். தம்பிக்குப் போட்டோவும் அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி தமிழ்செல்வன் கத்துவான் என்று எதிர்பார்த்துத்தான் போனை எடுத்தாள். கத்தவில்லை.

"ஏழும் நான் குழி வெட்டி வச்சது" என்றான்.

"தெரியும்."

"வேற வழி இல்லையா?"

"நீங்க இங்க இருந்தா இருந்திருக்கும்."

போனை வைத்துவிட்டு, விடியலுக்கு வேண்டிய கொக்கிக் கம்பியை வாசலில் எடுத்து வைத்தாள்.

பறந்து திரிகிற வண்டு சாக இன்னும் மூன்று மாதம் ஆகும், குத்தி எடுப்பதை விடக்கூடாது என்று அருணா போனில் சொல்லியிருந்தார். செவந்தி தினமும் விடிந்ததும் பதினேழு மரத்தையும் பார்த்தாள். புதிதாகக் குருத்து சாயவில்லை. ஒன்பதாம் நாள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஏழில் மூன்றாவது பிள்ளையைப் பார்த்தாள். குருத்தடியில் மென்று தள்ளிய நார் ஈரமாகத் தொங்கியது.

"அக்கா, மூணாவது மரத்துல வண்டு இறங்கியிருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

"எங்க மரத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. அந்தக் குருத்தைத் தின்று முடித்தால் வண்டு எழும்பி இந்தப் பக்கம்தான் வரும். பதினெட்டடி தூரம்கூட இல்லை. செவந்தி சேலையைச் செருகிக்கொண்டு கம்பிக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். முள் முதுகில் கீறியது. ஓட்டைக்குள் கொக்கியை விட்டுத் திருகினாள். மாட்டிவிட்டது.

"ஏய், அங்க என்னடி வேலை ஒனக்கு? எங்க கொல்லையில கைய வக்கிறியா?" பரிமளா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வண்டு வெளியே வந்தது. செவந்தி அதை நசுக்கிவிட்டு, வருகிற ஏச்சைக் கேட்டபடியே நான்காவது மரத்தின் குருத்தைப் பிரித்துப் பார்த்தாள்.