ரோஸ்மேரி பார்த்துக்கொண்டிருந்த கப்பல்

பனியன் கம்பெனியில் டீக்கு மணி அடித்ததும் செக்கிங் பகுதிப் பெண்கள் வடைக்கு ஓடுவார்கள். ரோஸ்மேரி மட்டும் துணி மேசை ஓரத்திலேயே உட்கார்ந்து, செல்போனில் கப்பலைத் திறப்பாள். தூத்துக்குடிக்காரனான அவள் கணவன் ஜெபக்குமாருக்கு வளைகுடாவில் வேலை. கரைக்கும் தீவுக்கும் இடையே லாரிகளையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் ஃபெர்ரியின் இன்ஜின் அறையில் இருக்கிறான். ஃபெர்ரியின் பெயர் ‘அல் நூரா’.

கப்பலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. தன் பெயர், இருக்கும் இடம், போகும் வேகம் எல்லாவற்றையும் அது ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். கரையில் நிற்கும் ஆன்டெனா கம்பங்கள் அதைக் கேட்டு இணையத்துக்கு அனுப்பும். இங்கே திரையில் ஒரு நீல அம்பு நகரும். அம்பைத் தொட்டால் நீளம் எண்பத்தாறு மீட்டர், அகலம் பதினாறு என்று உடல்வாகு முழுக்க வரும். தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதும் வரும். அதை மட்டும் கப்பலில் ஒருவர் கையால் பதிய வேண்டும். மறந்துவிட்டால் பழைய அளவே நிற்கும்.

“ஏனுங்கக்கா, அண்ணன் ஏறுனா எவ்வளவு அமிழுமுங்க?” என்று பக்கத்து மேசை அனுப்ரியா கேட்டாள்.

“அவியளா? கொக்கு உக்காந்த மாதிரிதான். கப்பலுக்கே தெரியாது.”

ஒரு வாரமாக அவனிடமிருந்து அழைப்பில்லை. வளைகுடாவில் பலத்த காற்று என்று செய்தியில் சொன்னார்கள். ஆனாலும் அம்பு போய்ப்போய் வந்தது. கப்பல் ஓடுகிறது என்றால் அவனும் நன்றாக இருக்கிறான். அந்த நம்பிக்கையில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அன்று டீ ஆறுவதற்குள் அழைப்பு வந்தது.

“தீவுல சிக்னலே இல்லட்டி. இப்பத்தான் கொஞ்சம் கெடைக்கு. காத்துல கப்பல கட்டிப் போட்டுட்டாவ.”

“ஓடிக்கிட்டுல்லா இருக்கு? இப்பத்தான பாத்தேன்.”

“அது நூரா. பெரிய கப்பல், தாங்கும். என்னைய ஈஸ்டர் முடிஞ்சதுமே சின்னதுக்கு மாத்திட்டாவளே.”

“எங்கிட்ட சொல்லலியே?”

“ரெண்டும் கப்பல்தானட்டி. இதப் போயி சொல்லணுமாக்கும்?”

சின்னதின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். சாப்பிட்டீயளா என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

கப்பல் தன்னைப் பற்றித்தான் சொல்லும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. ஈஸ்டரிலிருந்து ராத்திரிதோறும் அந்த அம்பைப் பார்த்து அவள் ஜெபம் சொல்லித் தூங்கவைத்ததெல்லாம் வேறு யாருடைய கணவனையோ.

புதுப் பெயரைத் தேடினாள். நீளம் நாற்பத்திரண்டு மீட்டர். தீவின் ஓரத்தில், அசையாத ஒரு புள்ளி. காற்று அடங்கும்வரை அது அப்படித்தான் கிடக்கும். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரல் தானாகவே நூராவைத் திறந்தது.

கையில் வடையோடு அனுப்ரியா எட்டிப் பார்த்தாள். “அண்ணன் இப்ப எங்கீங்கக்கா போறாரு?”

நீல அம்பு தீவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“கரைக்கு வாராவ” என்றாள் ரோஸ்மேரி.