மழை விலக்கும் முறை மீது ஓர் ஆட்சேபம்

சின்ன காஞ்சிபுரத்தில் பரசுராமன் குடியிருந்த தெருவில், தறியில் ஏற்றும் நீள நூல்களான பாவு நீட்டியிருக்கும்வரை மழை பெய்வதில்லை. பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போதும் இங்கே கஞ்சி போட்ட பட்டுப் பாவு தெரு நீளத்துக்குக் காய்ந்துகொண்டிருக்கும். மேகம் தெருமுனைவரை வந்து, திரும்பி, பக்கத்து ஊரான ஓரிக்கையில் போய்ப் பெய்துவிடும். காரணம் யாரும் கேட்டதில்லை. நெசவாளர் சங்கச் செயலாளர் பரசுராமனுக்கு மட்டும் அது தெரியும். பாவு நீட்டும் நாட்களில் அவர் தெருமுனையில் நின்று, சர்க்காருக்கு எழுதிய மனுக்களை உரக்கப் படிப்பார். தம் எழுத்து நடையழகுக்கு வானமே வணங்கி விலகுகிறது என்று நம்பினார். அடக்கம் கருதி, வாரம் ஒருமுறைக்குமேல் வெளியே சொல்லவில்லை.

1973இல் சென்னை எஞ்சினியர் சிட்டிபாபு டேப் ரிக்கார்டரோடு வந்து ஒரு மழைக்காலம் தங்கி, பரசுராமன் படிப்பதைப் பதிவுசெய்துகொண்டு போனார். பிறகு ஒருநாள், 'பாவு நனையாமல் மழையை விலக்கும் முறை'க்கு அவர் காப்புரிமை கேட்டிருப்பது அரசிதழில் வந்தது. கிடைத்துவிட்டால் தெருவில் மழையை நிறுத்த அவர் அனுமதி வேண்டும். ஆட்சேபிக்க நான்கு மாதம் கெடு. 'மேகங்கள் என் புலமைக்குக் காட்டும் மரியாதை' என்று தொடங்கி முப்பது பக்கம் எழுதினார் பரசுராமன்.

அவர் மனைவி செல்லியம்மாள் சிட்டிபாபுவின் விண்ணப்ப நகலைப் படித்தாள்.

"இன்னாங்க, அவரு மரியாதைன்னு எழுதலியே. சலிப்புன்னு போட்டுக்கீறாரு. கேக்க முடியாம மேகம் ஓடுதாம்."

"அபாண்டம்!"

"நீங்க மரியாதைன்னு எழுதினா அது வேற முறை, அவரு ஜெயிச்சுடுவாரு. சலிப்புன்னு ஒத்துக்கினாத்தான் நம்ம பழைய வழக்கம்னு ஆவும், புதுசில்லன்னு அவருக்கு உரிமை கெடைக்காது. ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

"ஊருக்கேவா?"

"பாவுகிட்ட நிக்கிறவங்க காதுல பஞ்சு வெச்சுக்கினு இருந்தாங்களே, குளிருக்குன்னா நெனச்சீங்க?"

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கத்தில் எழுதினார்: '1958 முதல் இடைவிடாது சலிப்பூட்டி வருகிறேன் என உறுதி கூறுகிறேன்.' சாட்சிக் கையெழுத்துப் போட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவருடைய எந்த மனுவுக்கும் அத்தனை கூட்டம் சேர்ந்ததில்லை. விசாரணையில் பழைய மனுவொன்றைச் சான்றாகப் படித்தார். மூன்றாம் பத்தியில் வெளியே மழை நின்றது. நான்காவதில் அதிகாரி போதும் என்றார். சிட்டிபாபுவின் விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஜெயித்த மகிழ்ச்சியில் அந்த ஒரு பக்கத்தைத் தெருமுனையில் படித்துக் காட்டினார். மேகம் நின்று முழுவதும் கேட்டது. பாவு நனைந்துபோயிற்று. மறுநாளே சங்கம் தீர்மானம் போட்டது: செயலாளர் இனி முப்பது பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். அவரும் மீறியதில்லை. விதைப்புக்கு மழை வேண்டும்போது ஓரிக்கைக்காரர்கள் அவருக்கு மைப்புட்டி அனுப்பிவைக்கிறார்கள்.