ஒரே தாளில் இரண்டு பாதங்கள்

2009ஆம் ஆண்டு ஜூன் 8, திங்கட்கிழமை முற்பகல், கடைகளில் அளவு கிடைக்காத கால்களுக்கு ஷூ தைத்துக்கொடுக்கும் பட்டறை ஒன்றில், ஆறு வயதுச் சிறுமிக்காகத் தைத்த ஜோடி அவள் கால்களில் நுழையவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு கணவனும் மனைவியும் வேலை செய்தார்கள்; இந்த ஜோடிக்குத் தோல் வெட்டியவர் கணவர். எந்தத் தாளைப் பார்த்து வெட்டினாரோ, அதை அச்சிட்டவர் மனைவி. பட்டறையின் ஆர்டர்களையெல்லாம் சுமந்தபடி மாடியறையில் நின்ற, மேசைக் கணினியைவிடப் பெரிய நடுத்தரக் கணினி அந்த அம்மையாரின் பொறுப்பு. அதுவரை அது எழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்த படம், ஆர்டரோடு குண்டூசியில் தொங்கிக்கொண்டு கீழே வரும். சில வேளை வழியிலேயே தொலையும். ஆகவே, படத்தை ஸ்கேன் செய்து ஆர்டரின் பக்கத்திலேயே அச்சிடும் முறை அந்த மாதம் வந்தது. சிறுமியின் ஆர்டர்தான் முதலாவது. இடப்புறம் விவரம், வலப்புறம் இரண்டு பாதங்கள்; தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வியாழக்கிழமை ஸ்கூல் தொறக்குது," என்றாள் சிறுமியின் தாய். "தூக்கிட்டுப் போகக் கூடாது, நானே நடந்து வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"ஒத்தக் கால் இல்லம்மா, ரெண்டு கால்!"

வெட்டுபவர் தரையில் அமர்ந்து, அவள் விரல்களை நீவிவிட்டார். "ஷூ கடிச்சுதா கண்ணு?"

"கடிக்கல மாமா. உள்ளயே விடமாட்டேங்குது."

அச்சிட்ட தாளை விரித்து, அதன்மேல் அவள் பாதத்தை வைத்தார். குதிகாலும் விரல்களும் கோட்டைத் தாண்டின. சட்டென்று தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதற்குள் முதலாளியும், அவர் பின்னால் வெட்டுபவரின் மனைவியும் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள்.

"என் கைதான் சார். தையலுக்கு இடம் விடாம வெட்டிட்டேன்," என்றார் வெட்டுபவர்.

"ஏங்க, அந்தத் தாளை எடுங்க," என்றார் மனைவி.

"எந்தத் தாளு?"

"இப்ப பையில ஒளிச்சு வெச்சதுதான். வீட்ல உப்பு ஒரு கல்லு கூடினா தெருவுக்கே கேக்கும். இங்க மட்டும் ஊர்ப் பழியெல்லாம் உங்க தலையிலயா?" அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது சார். எல்லாம் ஒரே தாள்ல அடங்கணும்னு படத்தைச் சுருங்க விட்டுட்டேன். அளவு போயிடும்னு தோணவேயில்ல."

"புருஷனும் பொண்டாட்டியும் தப்பை ஏலம் எடுக்கறத அப்புறம் வெச்சுக்கங்க," என்றார் முதலாளி. "குழந்தை வியாழக்கிழமை நடக்கணும்."

மனைவி மூலப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கணவர் அதை வைத்து அன்றே புதிதாக வெட்டினார். புதன்கிழமை மாலை சிறுமி புது ஷூக்களில் எழுந்து நின்றாள்; முதலில் தாயின் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அன்று முடிவானவை இவை. விவரமும் படமும் கணினியிலிருந்து சேர்ந்தே வரும்; ஆனால், படம் தனித்தாளில், சுருங்காமல் அச்சாகும். அதன் அடியில் நீளம் குறித்த ஓர் அளவுகோடு இருக்கும். வெட்டுபவர் அதில் ஸ்கேலை வைத்துப் பார்த்த பின்பே கத்தியைத் தொடுவார். முதல் ஜோடி யாருடைய பிழை என்று எங்கும் எழுதி வைப்பதில்லை.