கோரிங் கடையில் நாற்காலி இல்லை

செபு தீவின் துறைமுக வாசலுக்கு எதிரே கோரிங் நடத்திய சாப்பாட்டுக் கடையில் அந்த வருடம் செத்தவர்கள் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் நின்றபடியே சாப்பிட வேண்டியிருந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊர் வழக்கப்படி, சாவு வீட்டுக்குப் போன எவனும் நேராகத் தன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். வழியில் எங்காவது சற்றுத் தங்கி, எதையாவது கொறித்து, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த செத்தவரை அங்கேயே உதறிவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவான். தீவுக்குத் தீவு படகு மாறுகிறவர்களுக்குக் கோரிங்கின் கடைதான் வசதி. மீன் சாறும் தென்னங்குருத்துக் கூட்டில் வேகவைத்த சோறும் அங்கே மலிவு. சாப்பிட்டார்கள், சட்டையை உதறினார்கள், படகேறினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் உதறப்பட்டவர் நாற்காலியில் கண்ணுக்குத் தெரிவார். கொண்டுவந்தவருக்கு மட்டும் அவர் ஒருநாளும் தெரிந்ததில்லை.

கோரிங் அவர்களைக் கும்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை. காற்றாடி சுற்றினாலும் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும் ஊர் அது, செத்தவர்களுக்கும் வேர்த்தது. மேசை துடைக்கும்போது அவர்களுடைய முழங்கைகளைத் தூக்கி அடியிலும் துடைப்பாள். அவள் வீடு கடைக்கு மேலேயே, பின்பக்கப் படிக்கட்டில் ஏறினால் வந்துவிடும் ஒற்றை அறை. ஆனாலும் கடையைப் பூட்டியதும் அவள் நேராக மேலே போனதில்லை. பக்கத்து மெழுகுவத்திக் கடையில் கொஞ்சம் நின்று, கடைக்காரியோடு ஊர்வம்பு பேசி, பாவாடையை உதறிவிட்டுத்தான் படியேறுவாள். அந்த அறையில் அவளுடைய ஒரே மகன் நெமேசியோவுக்காகப் புதுப்பாயும் புதுத்தலையணையும் வாங்கி வைத்திருந்தாள். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அவன் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். செத்தவர்கள் நடமாடும் வீட்டில் பிள்ளையைப் படுக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் ஒரு புழுக்கமான மத்தியானம் தியோ என்ற கப்பல்காரன் தோள்பையோடு வந்து நின்றான். ஊர் ஒசாமிஸ், அடுத்த படகுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அக்கா என்கிற மரியாதையில், ஒரு நாற்காலி கிடைக்குமா மானாங் என்று கேட்டான். மழைக்காலத்திலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு செத்த குமாஸ்தாவைப் பார்த்து, "எந்திரிய்யா, நாற்காலிய என்ன வெலைக்கா வாங்கிட்ட?" என்றாள் கோரிங். அவர் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

தியோ சாறைக் குடித்துக்கொண்டே சொன்னான். அவன் கப்பலில் ஒருவன் சரக்கறைக்குள் விழுந்து செத்துப்போனான். உடம்பை வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றி, விடிய விடிய விழித்திருந்தார்கள். தியோ கரையில் கால்வைத்ததும் முதலில் வந்தது இங்கேதான். செத்தவனின் பெயர் என்ன என்று கோரிங் கேட்டாள்.

"பேரச் சொன்னா கூடவே வீட்டுக்கு வந்துருவான் மானாங்."

கேட்டது தப்பு என்று அவள் தன் வாயிலேயே தட்டிக்கொண்டாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றாள்.

"அவனுக்கென்ன, வசதியான எடம். அவங்கம்மா டவுன்ல ஏசி ஓட்டல் வச்சிருக்காங்களாம். வாயத் தொறந்தா அந்தப் பெருமைதான். கம்பெனிக்காரங்க அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லல போலருக்கு."

"ஏசி இருந்தா மட்டும் பெத்த வயிறு எரியாதா?" என்றாள் கோரிங். பிறகு, வந்ததுமே தியோ தன் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னது ஞாபகம் வரவே, ஈ ஓட்டும் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "நல்லா ஒதறு தம்பி. காலரையும் ஒதறு. பச்சப்புள்ள இருக்கிற வீடு." அவன் உதறினான். போதாதென்று அவளே அவன் முதுகில் துண்டால் அடித்துத் தட்டிவிட்டாள். இங்கேயே கிட, இந்தப் பையனை விடு என்று, முகம் தெரியாதவனுக்குக் கண்டிப்பாகவும் சொன்னாள். தியோ கும்பிட்டுவிட்டுப் படகுக்கு ஓடினான்.

தட்டை எடுக்கத் திரும்பியபோது நாற்காலியில் நெமேசியோ உட்கார்ந்திருந்தான். நெற்றி பிளந்திருந்தது. அவள் வாங்கி அனுப்பிய கட்டம்போட்ட சட்டை முழுக்க நனைந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எப்படித் தரையைப் பார்ப்பானோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோரிங் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். இந்தக் கையால்தானே அடித்து இறக்கினேன் என்று அதைத் தரையில் எறிந்தாள். கடையில் இருந்த கூட்டத்தைப் பாதிச் சாப்பாட்டில் வெளியே அனுப்பி, பட்டப்பகலில் கதவை இழுத்துப் பூட்டினாள். மெழுகுவத்திக் கடைக்காரி கூப்பிட்டாள், அவள் நிற்கவில்லை. பாவாடையை உதறவில்லை.

"வாடா, நேரா வீட்டுக்குப் போலாம்" என்று பின்பக்கப் படியில் கால்வைத்தாள். பின்னால் ஈரக் காலடி கேட்டது. அதற்குப் பின்னால், கடையில் உட்கார்ந்திருந்த மற்றச் செத்தவர்களின் காலடிகளும் கேட்டன. அவள் யாரையும் தடுக்கவில்லை.

டிசம்பரில் கம்பெனி ஆள் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். தெரியும், மேலேதான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கோரிங் வந்தவனுக்குச் சோறு போட்டாள். அந்தச் சின்ன அறையில் இப்போது முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். புதுப்பாயில் மகன் படுத்துக்கொள்கிறான். அவள் கதவோரம் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறாள். கீழே கடையில் எப்போது போனாலும் நாற்காலி கிடைக்கிறது.