இருசம்மாள் தோப்பில் ஏழு சாம்ராஜ்யங்கள்

2024 ஆனி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பூவன் தார் நானூறு ரூபாய்க்குப் போன அன்று காலை ஏழு மணிக்கு, ஸ்ரீரங்கம் மேலூரில் இருசம்மாளின் வாழைத்தோப்பில் ஏழு சாம்ராஜ்யங்களின் படைகள் வந்து இறங்கின. சோழர், பாண்டியர், டில்லி, விஜயநகரம், மராட்டியர், பிரெஞ்சுக்காரர், கம்பெனிக்காரர் என்று எல்லோரும் யானை குதிரையோடு வந்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப்புறம் மலைக்கோட்டையைப் பிடிக்க வருகிறவர்கள் தீவில் கூடாரம் போடுவது வழக்கம். நடுவில் சில நூற்றாண்டுகள் போய்விட்டதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இருசம்மாள் வழி சொன்னார். “ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்குங்க. மேல ஏற டிக்கெட் உண்டு. செருப்பக் கீழயே விட்டுரணும்.” யார் முதலில் செருப்பைக் கழற்றுவது என்பதில் தகராறு வந்து, கோட்டை அந்த மாதமும் தப்பியது.

அதனால் போர் தோப்புக்குள்ளேயே நடந்தது. தினமும் ஒன்பது மணிக்கு ஒவ்வொரு தரப்பும் ஓர் அறிக்கை வாசிக்கும்: அமைதியை நிலைநாட்ட வந்திருக்கிறோம், எங்களுக்கு முன்னால் வந்தவன் அந்நியன், எங்கள் ஆட்சி சந்திர சூரியர் உள்ளவரை. பிறகு வெட்டிக்கொள்வார்கள். செத்தவர்கள் சாயங்காலம் எழுந்து டீக்கு வரிசையில் நிற்பார்கள். வாழை மட்டும் எழவில்லை. பத்து நாளில் நாற்பது மரம் போயிற்று. மிச்சம் ஐந்நூற்று அறுபது. தார் முற்ற மூன்று வாரம், ஆடிக்காற்றுக்கு ஒரு வாரம். முட்டுக் கொடுக்கச் சொல்லிவைத்த சவுக்குக் கம்பு லோடு வரவேயில்லை. இந்த மரங்களும் சாய்ந்தால் அந்த வருடத்துக்கு இருசம்மாளிடம் வேறு எதுவும் கிடையாது.

பதினோராம் நாள், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவர் களத்தின் நடுவில் போய் நின்றார்.

“ஏன்யா, பூமியையே தோள்ல தாங்குறோம்னு கல்லுல வெட்டி வச்சிருக்கீங்க. கையில இத்தன ஈட்டி. ஒரு வாழைக்கு முட்டுக் குடுக்க ஆளில்லயா?”

இது யாருடைய எல்லை என்று கம்பெனித் தளபதி கேட்டார்.

“எங்க மாமனார் வச்ச தோப்பு. யாரு வரிசையில ஒரு மரம்கூட விழலையோ, அவுங்கதான் பெரிய ராசா. போதுமா?”

போதும் என்றார்கள். அன்று மாலைக்குள் தோப்பு ஏழு பங்கானது. ஈட்டியும் துப்பாக்கியும் மரங்களுக்கு முட்டாக நின்றன. ஆடி இரண்டாம் தேதி காற்று கிளம்பியதும் ஏழு சாம்ராஜ்யங்களும் அதன்மேல் போர் அறிவித்தன. காற்று அறிக்கை எதுவும் வாசிக்கவில்லை. நான்கு நாள் சண்டையில் ஒருவரும் சாகாததால் படைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டே மரம் விழுந்தது. இரண்டும் பிரெஞ்சு வரிசை; அவர்கள் தளபதி அந்த நேரம் சமாதானம் பேசப் போயிருந்தார்.

தார் முற்றி, வெட்டி, லாரி ஏறியது. மிச்சம் ஆறு பேரில் யார் பெரிய ராஜா என்று அணிவகுத்து நின்று கேட்டார்கள். “அடுத்த வருசக் காத்தையும் பாத்தாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு இருசம்மாள் கன்று நடப் போனார். அதில் நியாயம் இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டு தங்கிவிட்டார்கள்.

புரட்டாசியில் பக்கத்துத் தோப்பு அழகிரி வந்து வரப்பில் தயங்கி நின்றார்.

“அக்கா, நம்ம பக்கம் ரெண்டு வரிசை சாயுது. ஒரு சாம்ராஜ்யம் நாலு நாளைக்குக் குடுங்களேன்.”

“சின்னதா ஒண்ணு ஓட்டிட்டுப் போ. பெருசு வேணாம்ப்பா, வரப்ப நகத்திரும்.”

சின்னது எது என்று அழகிரி படைகளைப் பார்த்துக் கேட்டார். ஏழு பேரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். அவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கிட்டத்தில் நின்ற ஒன்றை ஓட்டிக்கொண்டு போனார்.