இரட்டைக் கம்பிக் காயில்

அக்கா ஒன்றைச் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலோ எதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

நுரையீரல் புற்றுநோய் செல்களை இரண்டு வெப்பப் பெட்டிகளில் வளர்த்தாள். இரண்டிலும் தம்பி தன் மோட்டார் பட்டறையில் கட்டிய செம்புக்கம்பிச் சுருள், அவன் பேச்சில் காயில். ஒன்றில் மட்டும் மின்சாரம் ஓடும். குறைந்த அதிர்வெண் காந்தப்புலம் எழும். மூன்று நாளில் அந்தப் பெட்டியில் செல்கள் நூற்றுக்கு முப்பது குறைந்திருந்தன. கட்டுரையைத் துறைத் தலைவரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குறைச்சது காந்தமா, காயிலோட சூடாம்மா? உங்க தம்பி ஃபேனுக்குக் காயில் கட்டுறவர்தானே? ரெண்டு வாரத்துல நிரூபிங்க. இல்லன்னா இதை அனுப்ப மாட்டேன்."

கட்டுரையை நிறுத்தியதைக்கூடப் பொறுத்திருப்பாள். தம்பியின் கைவேலையைச் சொன்னதுதான் சுருக்கென்றது. அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டறைக் காயில் ஒன்றும் குறை என்று திரும்பி வந்ததில்லை.

தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தான். "சுடத்தான்க்கா செய்யும். சுடாம கட்ட நான் என்ன மந்திரவாதியா?"

"அப்போ அவர் கேட்டது சரியா?"

"கேள்வி சரி. என்னை இழுத்ததுதான் தப்பு. இரு."

இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே காயிலாகச் சுற்றினான். இரண்டிலும் மின்சாரம் ஒரே திசையில் போனால் காந்தம் எழும். எதிரெதிராகப் போனால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். சூடு மட்டும் அப்படியே இருக்கும்.

"மாமியாரும் மருமகளும் எதிரெதிரா நின்னா வேலை நடக்காது, வீடு மட்டும் சூடாகும்ல? அதேதான்."

பெட்டிக்கு ஒன்றாக இரண்டு கட்டி, ஒன்றில் மின்சாரம் ஒரே திசையிலும் மற்றதில் எதிரெதிராகவும் ஓட இணைத்தான். எதில் காந்தம் என்பதை அவனே எழுதி உறையில் ஒட்டி, துறைத் தலைவர் மேசையில் வைத்தான். செல்களை எண்ணியவருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. மூன்று முறை புதிதாக வளர்த்து எண்ணிய பிறகு தலைவர் உறையைப் பிரித்தார்.

காந்தம் இருந்த பெட்டியில் நூற்றுக்குப் பதினான்கு குறைவு.

"முப்பதைக் காணோமே" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதினாறு சூட்டோட வேலை சார். நீங்க கேட்டது நியாயம். பதினாலு நிக்குது, மூணு தடவையும் நின்னிருக்கு. ரெண்டையும் எழுதுறேன். தட்டுல வளர்ந்த செல்லுக்கு மட்டும்தான் இதுன்னும் எழுதுறேன். காயில் கட்டினவன் பேரும் வரும்."

அவர் பேனாவைத் திறந்தார். "வராம இருந்தா நான் கேட்டிருப்பேன்."

சாயங்காலம் போனில் சொன்னாள். தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இனிஷியலோட போடுக்கா" என்றான். "அப்பா எழுத்து விட்டுப்போகக் கூடாது."